குரோஃப்ட்டீன் பார்சல் ஜன்னலும் அத்தையின் 38 ராண்டும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில், குரோஃப்ட்டீன் பக்கம் ஒரு சிறிய ஸ்டேஷனரிக் கடை இருக்கிறது. முன்பக்கம் நோட்டுப் புத்தகம், பேனா, பிறந்தநாள் அட்டை, ஜெராக்ஸ் இயந்திரம். உள்ளே இடப்பக்கச் சுவரில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். இணையத்தில் வாங்கும் பொருட்களை வீட்டுக்கு வரவழைக்காமல் இந்த ஜன்னலுக்கு வரவழைத்து, நாமே போய் எடுத்துக்கொள்ளலாம். 14 மாதங்களாக நாங்கள் உள்நாட்டில் வாங்கும் பார்சல்கள் அனைத்தும் இங்கேதான் வருகின்றன. குறித்து வைத்திருக்கிறேன்: இதுவரை 31. ஒன்றும் தொலையவில்லை. ஒன்று மட்டும் மூலை நசுங்கி வந்தது. அதைக் கடைக்காரரே எனக்கு முன்னால் சுட்டிக்காட்டினார்.

கடையின் பெயரை நான் எழுதவில்லை. பாராட்டோடு குறைகளும் சொல்லப்போகிறேன். அந்தக் குறைகளில் சில ஒரு சின்னப் பையனைப் பற்றியவை. நாடு முழுவதும் பார்கோ, பாக்ஸி, பூடோ என்று பல வலையமைப்புகள் இப்படிப் பார்சல் எடுக்கும் இடங்களையும் லாக்கர்களையும் நடத்துகின்றன. உங்கள் பகுதியிலும் ஒன்று நிச்சயம் இருக்கும். நான் எழுதுவது எந்த நிறுவனம் சிறந்தது என்பதைப் பற்றியல்ல. இப்படி ஓர் இடத்துக்குப் பார்சலை வரவழைக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தை எதிலிருந்து காப்பாற்றியது என்பதைப் பற்றி. அதற்கு அத்தையின் கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார்.

நான் கும்பகோணத்துப் பெண். 1998-இல் திருமணமாகி டர்பன் வந்தேன். என் கணவரின் குடும்பம் நான்கு தலைமுறையாக, டர்பனைச் சுற்றியுள்ள நட்டாலில் இருக்கிறது. அத்தைக்கு இப்போது 81 வயது. அவருடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாக ஒப்பந்தக் கூலியாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த கடைசிக் கப்பல் நட்டாலை அடைந்தது 1911-இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் வந்தவர் அவர். வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். தாத்தாவின் பெயர், தகப்பன் பெயர், ஊர், உடலிலிருந்த தழும்பு எல்லாம் எழுதி, மேலே அந்த எண்ணைப் போட்ட தாளின் நகல் எங்கள் பூஜை அறையில் முருகன் படத்துக்குக் கீழே சட்டம் போட்டு இருக்கிறது. அத்தை அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்வார். அரசாங்கம் ஒன்றுக்கு எண் கொடுத்துவிட்டால் அது உண்மை என்பது அவருக்குள் ஊறிப்போன நம்பிக்கை.

2025 தைப்பூசத்துக்கு என் மகன் முதல்முறையாகக் காவடி எடுப்பதாக இருந்தான். அவனுக்கு ஒரு வேட்டியும் துண்டும், அத்தைக்கு ஒரு மஞ்சள் பருத்திப் புடவையும் சென்னைக் கடை ஒன்றில் இணையம் வழியாகச் சொல்லியிருந்தோம். பார்சல் விமானத்தில் வந்துகொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஜனவரி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, வீட்டில் அத்தை மட்டும் இருந்த நேரத்தில் அவருடைய கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அஞ்சலகத்திலிருந்து வருவது போலவே இருந்தது. உங்கள் பார்சல் சுங்கத்தில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, 38 ராண்ட் 50 சென்ட் செலுத்தினால் விடுவிக்கப்படும், இன்று மாலைக்குள் செலுத்தாவிட்டால் திருப்பி அனுப்பப்படும். கீழே ஓர் இணைப்பு. அதற்கும் கீழே, இரண்டு எழுத்தும் ஒன்பது இலக்கமும் கொண்ட ஓர் எண்.

அந்த எண்ணைப் பார்த்தவுடன் அத்தை நம்பிவிட்டார். பேரனின் காவடி வேட்டி சுங்கத்தில் கிடக்கிறது, மாலைக்குள் திரும்பிப் போய்விடும். 38 ராண்ட் என்பது இரண்டு ரொட்டியின் விலை. யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தானே கட்டிவிட முடிவு செய்தார். திறந்த பக்கத்தில் அஞ்சலகத்தின் சின்னம், நிறம் எல்லாம் இருந்தன. கார்டு எண், காலாவதித் தேதி, பின்புறத்து மூன்று இலக்கம் எல்லாவற்றையும் நிதானமாக, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தவறில்லாமல் நிரப்பினார்.

ஐந்து நிமிடம் கழித்து ஓர் அழைப்பு. வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து பேசுவதாக ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக. “அம்மா, சற்று முன்பு ஒரு போலிப் பக்கத்தில் உங்கள் கார்டு விவரத்தைக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் கணக்கிலிருந்து 6,400 ராண்ட் எடுக்க முயல்கிறார்கள். செயலியில் ஒரு கேள்வி வரும். அனுமதி என்பதை அழுத்துங்கள், நாங்கள் தடுத்துவிடுகிறோம்.” அத்தை நடுங்கிப்போய் அழுத்தினார். இரண்டாவது கேள்வி வந்தது. அதையும் அழுத்தினார். முதலில் 6,400, பிறகு 3,150. கண் அறுவைக்காக மூன்று ஆண்டுகளாக ஒதுக்கி வைத்திருந்த பணம்.

குறுஞ்செய்திக்குப் பின் வந்த இந்த அழைப்பைப் பற்றித்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கார்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களால் இந்நாட்டில் பெரும்பாலும் இணையத்தில் எதுவும் வாங்க முடியாது. வங்கிச் செயலியில் நாம் அனுமதிக்க வேண்டும், அல்லது ஓடிபி சொல்ல வேண்டும். ஆகவே முதல் ஏமாற்றை அவர்களே நமக்கு வெளிச்சம் போட்டுக் காட்டி, அந்தப் பயத்தில் நம் விரலை அசைக்க வைக்கிறார்கள். பணத்தைத் தடுக்க “அனுமதி” என்ற பொத்தானை அழுத்தச் சொல்லும் வங்கி எங்கேயும் கிடையாது. அந்தப் பொத்தானுக்கு ஒரே வேலைதான், பணத்தை வெளியே அனுப்புவது. தடுப்பதற்குப் பக்கத்திலேயே “மறுப்பு” என்று இன்னொரு பொத்தான் இருக்கிறது. செயலியில் வரும் கேள்வியில் எவ்வளவு தொகை, எந்தக் கடைக்கு என்றும் எழுதியிருக்கும். அத்தையின் திரையிலும் எழுதியிருந்தது. காதில் ஒருவர் அவசரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது கண் எதையும் படிக்காது.

வங்கி எங்களிடம் சொன்ன பதில் ஒரு பக்கக் கடிதம்: வாடிக்கையாளர் தாமே செயலியில் அனுமதித்திருக்கிறார், ஆகவே வங்கி பொறுப்பல்ல. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்கினோம். பல குறைதீர்ப்பு அலுவலகங்கள் ஒன்றாகி 2024 மார்ச்சில் தொடங்கிய தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்புக்கும் எழுதினோம். மரியாதையாக விசாரித்தார்கள். பணம் திரும்பவில்லை. கண் அறுவை ஏழு மாதம் தள்ளிப்போனது. அந்த ஏழு மாதமும் அத்தை என்னிடம் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: “நம்பர் இருந்ததே, அம்மா?”

சரி, உண்மையான சுங்கம் எவ்வளவு என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதை முன்பே தெரிந்து வைத்திருந்தால் அந்த 38 ராண்ட் எங்களை ஏமாற்றியிருக்காது. தென்னாப்பிரிக்காவில் இறக்குமதியாகும் ஆடைகளுக்குச் சுங்கத் தீர்வை 45 விழுக்காடு. அதற்கு மேல் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி. பொருளின் விலையோடு பத்து விழுக்காடும் தீர்வையும் சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகையின் மேல் அந்த வரியைப் போடுகிறார்கள். 900 ராண்ட் மதிப்புள்ள ஓர் ஆடைக்குத் தீர்வை 405, வரி ஏறத்தாழ 209. மொத்தம் 614 ராண்ட் பக்கம். முன்பு 500 ராண்டுக்கும் குறைவான சிறு பார்சல்களுக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லாமல் ஒரே விகிதத்தில் வாங்கினார்கள். 2024 செப்டம்பர் முதல் அவற்றுக்கும் அந்த வரி உண்டு. இந்தியாவிலிருந்து துணி வாங்கி வரவழைக்கும் பெரும்பாலோருக்கு 38 ராண்டில் சுங்கம் முடியாது. தொகை அவ்வளவு சின்னதாக இருப்பதே பொய்யின் அடையாளம். யோசிக்காமல் கட்டிவிடக் கூடிய தொகை என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த 38 அல்ல, கார்டு எண்.

எங்கள் உண்மையான பார்சலுக்கு வந்த சுங்கக் கணக்கு எப்படி இருந்தது தெரியுமா? கூரியர் நிறுவனம் நாங்கள் வாங்கும்போது கொடுத்த மின்னஞ்சலுக்கு ஒரு பட்டியல் அனுப்பியது. பொருளின் பெயர், மதிப்பு, தீர்வை, வரி, அவர்களுடைய கட்டணம் எல்லாம் வரிவரியாக இருந்தன. நான் அதிலுள்ள இணைப்பை அழுத்தவில்லை. கூரியரின் தளத்தை நானே தட்டச்சு செய்து திறந்து, சென்னைக் கடை கொடுத்திருந்த பார்சல் எண்ணைப் போட்டுப் பார்த்து, அங்கேயும் அதே தொகை இருந்த பிறகுதான் கட்டினேன். வேட்டி தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்னால் வந்து சேர்ந்தது. மகன் காவடி எடுத்தான். அத்தை புதுப் புடவையைக் கட்டவில்லை.

அதன் பிறகுதான் இந்த ஜன்னலுக்கு வந்தோம். சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் நான் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மாணவியின் தாயார்தான் இந்தக் கடையைக் காட்டினார். முன்பு இந்த வேலையை அஞ்சலகம் செய்தது. 2023 ஜூலையில் அது, நொடித்த நிறுவனங்களைக் காப்பாற்றும் தொழில் மீட்பு நடைமுறைக்குள் போனதும் பல கிளைகள் மூடப்பட்டன. இப்போது மருந்துக்கடை, துணிக்கடை, பெட்ரோல் நிலையம் என்று எங்கெங்கோ பார்சல்கள் இறங்குகின்றன.

வேலை செய்யும் முறை எளிது. இணையக் கடையில் பணம் கட்டும் பக்கத்தில், வீட்டு முகவரிக்குப் பதிலாக இந்தக் கடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூரியர் கட்டணம் அங்கேயே சேர்ந்துவிடும். எங்கள் அனுபவத்தில் வீட்டுக்கு வரவழைப்பதைவிடக் குறைவு. பார்சல் கடைக்கு வந்தவுடன் ஒரு குறுஞ்செய்தி வரும்: பார்சல் எண், ஒரு ரகசிய எண் (பின் எண்), எந்தக் கடை, எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும். அதில் இணைப்பு தேவையில்லை, கட்டணம் இல்லை. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

இதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? இப்படி யோசித்துப் பாருங்கள். பார்சல் எந்த வழியாக வரும் என்பதை நானே முடிவு செய்துவிட்டேன். ஆகவே வேறு வழியைச் சொல்லும் செய்தி எல்லாமே பொய். “உங்கள் வீட்டுக்கு வந்தோம், ஆள் இல்லை” என்று வந்தால் பொய், ஏனென்றால் என் வீட்டுக்கு யாரும் வர வேண்டியதில்லை. “முகவரி முழுமையாக இல்லை” என்றால் பொய், நான் முகவரியே கொடுக்கவில்லை. “மீண்டும் கொண்டுவர 25 ராண்ட்” என்றால் பொய். “டிரைவர் வாசலில் நிற்கிறார், கோடு எண்ணைச் சொல்லுங்கள்” என்றால் பொய். 81 வயது அத்தைக்கு நூறு விதமான மோசடியைக் கற்றுக்கொடுக்க முடியாது. பார்சல் அந்த ஜன்னலுக்கு மட்டும்தான் வரும் என்ற ஒன்றைக் கற்றுக்கொடுக்க முடிந்தது.

இனி கடை. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர். வருபவர்கள் எல்லோரும் அவரை அங்கிள் என்கிறார்கள். நான் அண்ணா என்கிறேன். அவருக்குத் தமிழ் பாதிதான் வரும், ஆனால் அத்தையைக் கண்டால் “வாங்க ஆயா” என்று அந்தப் பாதியை முழுதாகப் பேசுவார். அவரிடம் எனக்குப் பிடித்தது ஒரு பழக்கம். நாம் கைப்பேசியை நீட்டினால் வாங்கமாட்டார். “நீங்களே திறந்து, நீங்களே படியுங்கள்” என்பார். கைப்பேசியை அந்நியர் கையில் கொடுக்கும் பழக்கம் ஓர் இடத்தில் ஏற்பட்டுவிட்டால் மற்ற இடத்திலும் கொடுப்பார்களாம். பார்சல் எண்ணைக் கேட்பார், அடையாள அட்டையைப் பார்ப்பார், கடைசியில்தான் பின் எண். அதையும் பார்சலை ஜன்னல் பலகையில் வைத்த பிறகே கேட்பார். பொருள் கண்ணுக்கு முன்னால் இல்லாதபோது யார் எண் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதை அவர் வாயால் சொல்வதில்லை. அந்த வரிசையிலேயே பழக்கிவிடுகிறார்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சாட்சி. கூரியரிலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்து, “உங்களுக்கு ஆறு இலக்க எண் வந்திருக்கும், அதைச் சொன்னால் பார்சலை அனுப்புவோம்” என்றான். வந்தது வாட்ஸ்அப் பதிவு எண். சொன்ன அடுத்த நிமிடம் அவருடைய வாட்ஸ்அப் அவன் கைக்குப் போய்விட்டது. அன்று மாலை கோயில் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும், “அவசரம், 1,500 ராண்ட் அனுப்புங்கள், நாளை தருகிறேன்” என்று அக்காவின் படத்தோடு செய்தி. இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள். வாட்ஸ்அப் அமைப்பில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, நாமே ஒரு பின் எண் வைத்துக்கொண்டால் அந்த ஆறு இலக்கம் மட்டும் போதாது. இப்போது எங்கள் தெருவில் பெரும்பாலோர் இதைச் செய்துவிட்டார்கள். நானே வீடு வீடாகப் போய்ச் செய்துகொடுத்தேன்.

ஒரு நாள் ஜன்னல் வரிசையில் எனக்கு முன்னால் இளம்பெண் ஒருத்தி நின்றாள். கையில் குழந்தை, முகத்தில் பதற்றம். அவளுக்கு வந்த செய்தியில் முகவரி தவறு, 12 மணி நேரத்துக்குள் திருத்த வேண்டும் என்று இருந்தது. திருத்துவதற்குக் கார்டு எண் கேட்கிறது, கொடுக்கலாமா என்று அண்ணாவிடம் கேட்டாள். அவர் செய்தியைப் படிக்கச் சொன்னார். அனுப்பிய எண் வெளிநாட்டு எண். நம் நாட்டின் 27-இல் தொடங்கவில்லை. பிறகு அவளுடைய பெயரைக் கேட்டார். திரும்பினார். அவளுடைய பார்சல் அவர் முதுகுக்குப் பின்னால், இரண்டாவது தட்டில், முந்தைய நாள் மாலையிலிருந்தே இருந்தது. அதை எடுத்துப் பலகையில் வைத்தார். அந்தப் பெண் அழுதுவிட்டாள். குழந்தையின் காலணி அது.

பார்சலை அங்கேயே பிரித்துப் பார்க்க ஒரு சிறிய மேசையும் கத்தரிக்கோலும் வைத்திருக்கிறார். நான் பிரிக்கும்போது கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொள்வேன். மூடிய பெட்டி, ஒட்டியிருக்கும் சீட்டு, பிறகு பிரிப்பது, உள்ளே இருப்பது, எல்லாம் ஒரே ஓட்டத்தில். ஒருமுறை மிக்ஸி ஜாருக்குப் பதில் வெறும் மூடி வந்தபோது அந்த வீடியோவால்தான் இரண்டு நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். பெட்டியை எறிவதற்கு முன்னால் சீட்டைக் கிழித்துவிடுங்கள். அதில் உங்கள் பெயர், கைப்பேசி எண், எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்பது வரை இருக்கிறது. ஏமாற்றுக்காரனுக்கு அதைவிட நல்ல அறிமுகச் சீட்டு வேண்டாம்.

குறைகள். முதலாவது, நான் மிகவும் கவலைப்படுவது: மாலையில் உதவிக்கு வரும் பையன் பின் எண்ணை உரக்கத் திரும்பச் சொல்கிறான். “நான்கு, ஏழு, ஒன்று, ஒன்று, சரிதானே ஆன்ட்டி?” வரிசையில் நிற்கும் எட்டுப் பேருக்கும் கேட்கிறது. அடையாள அட்டையைக் கட்டாயம் பார்ப்பதால் பார்சல் தவறிப் போகாது என்றாலும், பெயரும் எண்ணும் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை 2021 ஜூலையிலிருந்து முழுதாக நடைமுறைப்படுத்துகிறார்கள். சின்னக் கடைக்கும் அது பொருந்தும். அண்ணாவிடம் சொன்னேன். அடுத்த வாரமே ஒரு சின்னச் சிலேட்டு வந்தது; எண்ணை அதில் எழுதிக் காட்டி அழிக்கலாம். ஆனால் கூட்டமான நாளில் பையன் சிலேட்டை மறந்துவிடுகிறான். இரண்டாவது, சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு மூடிவிடுகிறார்கள். வாரம் முழுவதும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய சிரமம். எங்கள் பகுதியின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கீரை வாங்கிவிட்டு வந்தால் ஜன்னல் மூடியிருக்கும். மூன்றாவது, நவம்பரில் பிளாக் ஃபிரைடே சமயத்தில் பார்சல்கள் தரையில் குவிந்து, நடக்க இடமில்லை. பெரிய பொருட்களை ஏற்பதில்லை. குக்கர் பெட்டி அளவுதான் எல்லை. வெளிநாட்டிலிருந்து நேராக வரும் பார்சலுக்கும் இந்த ஜன்னல் உதவாது, அதற்குச் சுங்கக் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பதுதான் வழி. இவற்றை எல்லாம் வைத்து ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். சனிக்கிழமை மூன்று மணி வரை திறந்தால் இன்னும் அரை கூட்டுவேன்.

ஜன்னல் எவ்வளவு நல்லதானாலும், வாங்கும் கடையே போலியாக இருந்தால் அங்கே பார்சல் வந்து சேராது. என்னோடு கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் 450 ராண்டுக்குக் காஞ்சிபுரம் பட்டு என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினார். புடவை வரவில்லை, தளமும் மறைந்துவிட்டது. தளத்தின் முகவரி, தென்னாப்பிரிக்காவுக்குரிய கோ.இசட்.ஏ (.co.za) என்று முடிந்ததால் உள்நாட்டுக் கடை என்று நம்பியிருந்தார். அந்த முடிவை யாரும் பதிவு செய்துகொள்ளலாம். நம் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் 2002-ஆம் ஆண்டுச் சட்டம். இணையக் கடை தன் முழுப் பெயர், இருப்பிட முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் தளத்தில் போட வேண்டும் என்கிறது அது. பெரும்பாலான பொருட்களைப் பெற்ற ஏழு நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. முகவரியே போடாத கடையிடம் அந்த உரிமையை எங்கே போய்க் கேட்பது? இப்போது நான் புதிய கடை என்றால் முதலில் யீமா தளத்தில் அதன் இணைய முகவரியைப் போட்டுப் பார்க்கிறேன். தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவை நடத்தும் இலவசத் தளம் அது. வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் மாற்றச் சொல்லி, கார்டை ஏற்காத கடையில் வாங்குவதே இல்லை. கார்டில் கட்டினால் பொருள் வராதபோது வங்கியிடம் முறையிட்டுத் தொகையைத் திரும்பக் கேட்கலாம். நேராக மாற்றிய பணத்தைப் பிடிப்பது மிகவும் கடினம்.

விற்பவர்களுக்கும் ஒன்று. என் கணவர் பழைய சைக்கிளை விற்றபோது, வாங்குபவர் பணம் அனுப்பியதற்கான ரசீது என்று ஒரு படத்தை அனுப்பி, கூரியர் ஆளையும் வாசலுக்கு அனுப்பிவிட்டார். ரசீது அச்சு அசலாக இருந்தது. கணக்கில் பணம் இல்லை. என் கணவர் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுச் சைக்கிளைக் கொடுக்க மறுத்தார். வந்த கூரியர் ஆளுக்கு எதுவும் தெரியாது, பாவம். வெயிலில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினோம்.

வீட்டில் நாங்கள் செய்த மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அத்தையின் கார்டில் இணையக் கொள்முதல் வரம்பைச் செயலியில் பூஜ்யமாக்கிவிட்டோம். வீட்டுக்கு வேண்டியதை வாங்க என் செயலியில் ஒரு மெய்நிகர் கார்டு இருக்கிறது. கையில் பிடிக்கும் கார்டு அல்ல, எண் மட்டும். சில வங்கிகளில் அதன் மூன்று இலக்க எண் அவ்வப்போது மாறிக்கொண்டே இருக்கும். அதைத் தனிக் கணக்கோடு இணைத்து, வாங்கும் அன்று தேவையான தொகையை மட்டும் அதில் போடுகிறேன். மற்ற நாட்களில் கார்டு முடக்கப்பட்டிருக்கும். யாராவது அந்த எண்ணைத் திருடினாலும் அங்கே எடுக்க எதுவும் இருக்காது.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் அந்த நிமிடமே வங்கியை அழையுங்கள். உங்களுக்கு வந்த அழைப்பின் எண்ணுக்கு அல்ல, கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு. நாங்கள் மாலை வரை காத்திருந்தோம். அத்தை அவமானத்தால் சொல்லவில்லை. நான் வீடு திரும்பி அவர் முகத்தைப் பார்த்துக் கேட்ட பிறகே தெரிந்தது. அந்த ஆறு மணி நேரத்துக்கு நாங்கள் பெரிய விலை கொடுத்தோம். ஆகவே வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: என்ன தவறு நடந்தாலும் உடனே என்னிடம் சொல்லுங்கள், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். பிறகு, உண்மையிலேயே கோபித்துக்கொள்ளாதீர்கள். அதன் பின் காவல் நிலையத்தில் வழக்கு எண். அடையாள எண்ணும் பறிபோயிருந்தால், மேலே சொன்ன மோசடித் தடுப்புச் சேவையில் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ளலாம், இலவசம். உங்கள் பெயரில் வேறொருவர் கடன் கேட்டால் வங்கிகளுக்கு அது எச்சரிக்கை கொடுக்கும்.

அத்தையின் கண் அறுவை சென்ற ஆண்டு ஆகஸ்டில் முடிந்தது. கொழுந்தனார்கள் மூவரும் சேர்ந்து பணம் போட்டார்கள். பார்வை தெளிந்த பிறகு அவர் எங்கள் சனிக்கிழமை வகுப்பில் குழந்தைகளோடு உட்கார்ந்து தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொள்கிறார். சின்ன வயதில் அவருக்குக் கற்பிக்க ஆள் இல்லை. சின்ன எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு மேசை விளக்கு வேண்டும் என்று கேட்டார். போன வாரம் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

நேற்றுக் காலை அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. பார்சல் வந்துவிட்டது, 22 ராண்ட் கட்டினால் வீட்டுக்குக் கொண்டுவருவோம் என்று. எழுத்துக்கூட்டிப் படித்தார். அதிலும் எண் இருந்தது. கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, “என் விளக்கு இங்கே வராது, ஜன்னலுக்குத்தான் வரும்” என்று சொல்லி, அந்தச் செய்தியை எனக்கு முன்னால் அழித்தார். உண்மையான செய்தி இன்று மதியம் என் கைப்பேசிக்கு வந்திருக்கிறது. பின் எண்ணை அவரே சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டுமாம். நாளை சனிக்கிழமை. ஒரு மணிக்கு முன்னால் போய்விட வேண்டும்.